எருமைக் கொம்பில் ஒரு கை

சர்தாரை இந்த ஊர் 'பொம்மை பாய்' என்று கூப்பிட்டது. அவன் மண்ணுக்குள் போய் வருசங்கள் ஆகியும் அந்தப் பேர் போகவில்லை. போன மாசம்கூட ஒருத்தன் என் பட்டறையில் நின்றுகொண்டு, "அந்தப் பொம்மை பாய் உங்க சினேகிதருதானுங்களே?" என்று சிரித்தான். என் கையில் சம்மட்டி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"அவன் பொம்மை வெச்சு வெளையாடுனவன் இல்லடா. டிரைவர்."

அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்கிற அளவுக்கு எனக்கு வாய் போதாது. நாலாம் கிளாஸோடு நின்றவன் நான். கோபம்தான் முதலில் வரும், பேச்சு பின்னால்தான் வரும். அதனால் எழுதி வைக்கிறேன்.

அதியமான்கோட்டையில் ரோட்டோரம் எனக்கு லாரிப் பட்டை வேலை. வண்டிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்து கிடக்குமே, அந்த இரும்புப் பட்டைதான். உடைந்ததைக் கழற்றி, வேறு போட்டு, காய்ச்சி, அடித்து மாட்டுவேன். அப்படி வந்து போன வண்டிகளில் ஒன்று சர்தாருடையது. மற்ற டிரைவர்கள் வண்டியை விட்டதும் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "தம்பி, ஒரு டீ சொல்லு" என்பார்கள். சர்தார் சொல்ல மாட்டான். கிளீனர் சும்மா நின்றாலும் தானே ரோட்டைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருவான். "என் வாய்க்கு வேணுங்கறத இன்னொருத்தன் எதுக்குடா தூக்கிட்டு வரணும்?" என்பான். திமிர் என்று நினைத்தேன். பிறகு அதுதான் எனக்குப் பிடித்துப் போனது.

எண்பத்தி மூணில் பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனவன், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், எதிரே ஏறி வந்த பஸ்ஸை விட்டு விலக்கி மலைப்பக்கம் ஒடித்தான். பஸ்ஸில் ஒருத்தருக்கும் கீறல் இல்லை. இவனுக்கு முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் தெரியாது.

தர்மபுரி டவுனில் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவன் வீடு. வாசலைப் பார்க்கிற மாதிரி கட்டிலைப் போட்டு, தலைக்கு உயரம் கொடுத்து வைத்திருந்தார்கள். பிள்ளை கிடையாது. அவன் பெண்டாட்டி வஹிதாதான் எல்லாம். தண்ணீர், டீ, மாத்திரை, மற்றது. எதற்கும் அவன் அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட மாட்டான். நாக்கு வறண்டு கிடப்பான். அவளாகக் கண்டுபிடித்துக் கொடுத்தால், "நான் கேட்டனா?" என்பான். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது உருது. என்னைக் கண்டால் தமிழுக்கு மாறுவார்கள். சண்டை என்றால் மாற மறந்துவிடுவார்கள்.

வஹிதாவுக்கு நன்றாகத் தைக்க வரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாவாடை தைக்கிற இடத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவனைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவாள்? "போ" என்று அவன் கத்துவான். "போனா உங்களுக்கு யாரு?" என்று அவள் கத்துவாள். இதுதான் அந்த வீட்டில் தினமும் நடந்தது.

அப்போதுதான் வஹிதாவின் அண்ணன் முனாப் துபாயிலிருந்து லீவில் வந்தான். ஒரு முழம் நீளத்துக்கு ஒரு லாரி கொண்டுவந்தான். ஏரியல் வைத்த ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்டலாம். முன்னே, பின்னே, இடது, வலது எல்லாம் போகும். சர்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "காலு போனவனுக்கு பொம்மையா மச்சான்?" முனாப் அழுதுவிட்டுப் போனான். லாரியும் பெட்டியும் பரண்மேல் ஏறின.

அதை இறக்கியது வஹிதா. ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போகும்போது கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் லாரி சந்து முனையில், கிருஷ்ணப்பன் டீக்கடை வாசலில் நிற்கிறது. அதன் முதுகில் மூடி போட்ட சின்னத் தூக்கு ஒன்று துணியால் கட்டியிருக்கிறது. கிருஷ்ணப்பன் மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர். மனுசன் டீயை ஊற்றி மூடிவிட்டு, சர்தாரைப் பார்த்துக் கையை ஆட்டியிருக்கிறார். லாரி மெதுவாக, பள்ளம் பார்த்து, சாக்கடை ஓரம் ஒதுங்கி, வாசலில் போட்டிருந்த பலகைமேல் ஏறி உள்ளே வந்தது. சர்தார் குனிந்து தூக்கை எடுத்துக் குடித்தான். இரண்டு வருசத்தில் அவன் தானே வாங்கிக் குடித்த முதல் டீ அது.

அதற்குப் பிறகு தினமும் டிரிப்தான். கிளம்பும்போது பிஸ்மி சொல்வான், பழைய லாரிக்குச் சொன்ன மாதிரியே. கிருஷ்ணப்பன், "லாரி பந்த்து! லாரி பந்த்து!" என்று, லாரி வந்துருச்சு என்பதை அவர் பாஷையில் கத்துவார். டீ, பொறை ரொட்டி, தலைவலி மாத்திரை எல்லாம் வந்தது. லோடு நீண்டிருந்தால் லாரிக்காரர்கள் பின்னால் சிவப்புத் துணி கட்டுவார்கள். அதை வைத்து சர்தாருக்கும் கிருஷ்ணப்பனுக்கும் ஒரு ஏற்பாடு: லாரி சிவப்புத் துணியோடு வந்தால் கிருஷ்ணப்பன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். அந்த ஏற்பாட்டை நம்பித்தான் வஹிதா தையலுக்குப் போக ஒத்துக்கொண்டாள்.

அவள் போக ஆரம்பித்த வாரமே ஒருத்தன் மொபெட்டை லாரிமேல் ஏற்றிவிட்டான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். சர்தார் கட்டிலில் இருந்தபடியே கத்தினான். வந்தவன் வண்டியை நிறுத்திக்கூடப் பார்க்கவில்லை. "பொம்மைக்குப் போயி இப்படி கத்துற பாய்?" என்றான். சந்தே சிரித்தது. அந்தப் பேர் பிறந்தது அன்றைக்குத்தான்.

லாரியைத் தூக்கிப் பார்த்தேன். முன் சக்கரம் ஒன்று தொங்கியது. சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே சுண்டுவிரல் நீளத்துக்குக் கவைபோல ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதன்மேல்தான் குட்டி ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். கார் மெக்கானிக்குகள் அதை ஆர்ம் என்பார்கள். நாங்கள் கை என்றோம். கை நடுவில் ஒடிந்திருந்தது.

"துபாய்ல கெடைக்கும். அண்ணனுக்கு எழுதலாம்" என்றாள் வஹிதா.

"அது வர்றதுக்குள்ள உன் வேலைக்கு வேற ஆள் வந்துரும்" என்றான் சர்தார். "அர்ச்சுனா, நீ என்னடா பாத்துக்கிட்டு நிக்கற? பட்டைக்காரன்தான நீ?"

கத்தியைக் காய்ச்சி வைத்து, ஒடிந்த முனைகளை உருக்கி ஒட்டினேன். வாசல் பலகையிலேயே விட்டுப்போனது. பசை போட்டு நூல் சுற்றினேன். டீக்கடை வரைக்கும் போனது, திரும்பி வரவில்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது. பட்டறைக்குக் கொண்டுபோய் இரும்புத் தகட்டில் அதே மாதிரி வெட்டி, ராவி, துளை போட்டு மாட்டினேன். லாரிப் பட்டை உடைந்தால் நாங்கள் செய்வது அதுதான்: இன்னும் கனமாக ஒன்று போடு, ஒரு பட்டை கூடவே போடு. புது வண்டிக்குச் செய்கிற மாதிரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தேன். லாரி அதை நசுக்கவில்லை, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"பழம் உன்னவிட கெட்டிடா" என்று சிரித்தான் சர்தார். அவன் சிரித்து நான் பார்த்த கடைசித் தடவைகளில் ஒன்று.

மறுநாளே டீக்கடை முன்னால் இருந்த மைல்கல் மாதிரியான ஒரு கல்லில் மோதியது. என் இரும்புக் கை வளையவில்லை, நெளியவில்லை. அது மாட்டியிருந்த உடம்புதான் வாய் பிளந்தது.

சர்தார் லாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எல்லாத்துக்கும் இரும்பு. உன் புத்தியும் இரும்பு. கை கொஞ்சம் குடுத்தாத்தாண்டா உடம்பு தப்பிக்கும். இப்ப உடம்ப எங்க போயி வாங்கறது?"

"வேணும்னா நீயே பண்ணிக்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வஹிதா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று கிருஷ்ணப்பன் ஆள் விட்டுச் சொன்னார். "பாய் டீ குடிக்கறதே இல்லீங்க. நான் கொண்டாந்து குடுத்தா திருப்பி அனுப்பிடறாரு" என்றும் சொல்லியனுப்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை போனேன். தொழுகை நாள் என்று வஹிதா அவனுக்கு உடம்பு துடைத்து, தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுக்கப் போனதில் சீப்பு கைநழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. டங் என்று எகிறியது, உடையவில்லை. கறுத்த எருமைக் கொம்புச் சீப்பு. சர்தார் கையை நீட்டி அதை எடுத்தான். இரண்டு முனையையும் பிடித்து வளைத்தான். வளைந்தது. விட்டான், நேரானது. அதை என் பக்கம் நீட்டினான்.

"அண்ணா, ஒடச்சிராதீங்க! எங்கம்மா குடுத்தது" என்றாள் வஹிதா.

"உன் சீப்பு யாருக்கும்மா வேணும்? எனக்கு எருமை வேணும்" என்றேன்.

கறிக்கடை முகம்மது கவுஸ் ஒரு ஜோடிக் கொம்பு கொடுத்தார். "கறி வாங்க வராத ஆளு கொம்பு கேக்கறியேப்பா, வூட்ல யாரையாச்சும் முட்டப் போறியா?" கொம்பைப் பிளந்து, அனலில் வாட்டி, சூட்டோடு இடுக்கியில் அமுக்கித் தட்டையாக்கினேன். அந்த நாற்றத்தில் பட்டறைக்கு வந்த லாரிக்காரன் எவனும் இறங்கவில்லை. பொறுமையாக அரம் போட்டேன். இரும்பை அடிக்கிற கைக்கு அது பழக்கமில்லாத வேலை. இரண்டு உடைந்தன. மூன்றாவது நின்றது. பிளந்த உடம்புக்குப் பித்தளைத் தகடு வைத்துத் திருகினேன்.

ஓட்டிப் பார்த்தபோது சர்தார் வேண்டுமென்றே அதே கல்லில் கொண்டுபோய் மோதினான். கை வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பியது. அவன் சிரிக்கவில்லை. "வஹிதா, நாளைக்கு வேலைக்குப் போ" என்றான்.

அவள் போனாள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மாசங்கள் போயின. மழைக்காலம் வந்தது. அந்தச் சந்தில் எல்லாரும் லாரியைப் பார்த்தார்கள், அது என்ன சுமக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. படுத்தே கிடந்ததில் அவனுக்கு இடுப்பில் புண் வந்து, உள்ளுக்குள் சீழ் கட்டியிருந்தது. உணர்ச்சி இல்லாத இடம், அவனுக்கு வலி தெரியாது. காய்ச்சல் தெரியும். அதைத்தான் மறைத்தான். சொன்னால் வஹிதா வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். உடம்பை அவளைத் துடைக்க விடாமல், "நானே துடைச்சிக்கறேன், நேரமாச்சு, கெளம்பு" என்று விரட்டியிருக்கிறான். அவள் போனதும் லாரியை அனுப்புவான். கிருஷ்ணப்பன் காய்ச்சல் மாத்திரையைப் பொட்டலம் கட்டி வைத்து அனுப்புவார். "மழை பெய்யுதே, ஊருக்கே காய்ச்சல்னு நெனச்சேனுங்க. ஒரு நாளும் சிவப்புத் துணி வரலீங்களே" என்று பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

ஒரு நாள் லாரி மாத்திரையோடு புறப்பட்டுப் பாதிச் சந்தில் நின்றுவிட்டது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. கிருஷ்ணப்பன் கொஞ்ச நேரம் பார்த்தார். பாட்டரி தீர்ந்துவிட்டதோ என்று எடுத்துக்கொடுக்கப் போனார். கட்டிலில் சர்தார் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நினைவு தப்பிக் கிடந்தான்.

எனக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் டாக்ஸி நின்றது. வந்து பார்த்த டாக்டர் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். தையல் இடத்திலிருந்து ஓடி வந்த வஹிதா புண்ணைப் பார்த்துவிட்டிருந்தாள். உருதுவில் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள், அழவில்லை. எனக்கு வார்த்தை புரியவில்லை, விசயம் புரிந்தது. இரண்டு பேராக அவனைத் தூக்கினோம். அவன் நெஞ்சில் அடித்த அடுப்பனலில் என் கை சுட்டது. நான் சூட்டில் பிழைக்கிறவன். அப்படி ஒரு சூட்டை நான் தொட்டதில்லை.

பின் சீட்டில் படுக்க வைத்ததும் கண்ணைத் திறந்தான். வஹிதாவைப் பார்த்தான். "மழையில அவ வேலைக்குப் போவல பாரு" என்றான், திட்டுகிற மாதிரி. பிறகு என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தான்.

"லாரி எங்கடா?"

"உள்ள இருக்குது. தொடச்சி வெச்சாச்சு."

"வண்டி ரொம்ப நாளைக்கு ஓடாது. பாட்டரிய கழட்டிடு."

"சரிடா. நீ வாய மூடிக்கிட்டுப் படு."

"கேளுடா. வெறுந்தரையில நிறுத்தாத. பாரம் பூரா அந்தக் கையிமேல நிக்கும், கொம்பு தாங்காது. அடியில கல்லு குடுத்து, சக்கரம் மண்ணுல படாம தூக்கி நிறுத்து."