காசிமாயன் செத்துப்பார்த்த மூன்று நாள்

1979 மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காசிமாயன் செத்துப்போனார். செய்தியை மனைவியிடம் அவரே சொன்னார்.

"இந்தா பாரு, வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் செத்தவன். எதுக்கும் ஆளனுப்பக் கூடாது."

"சரி. சோறு கட்டவா, வேணாமா?" என்று கேட்டார் அன்னக்கொடி.

"கட்டு."

தூக்குச்சட்டியும் குடையுமாகக் குரங்கணி மலைக்கிராமத்துக்குப் போகும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அங்கே தெரிந்தவரின் காப்பித் தோட்டத்தில் ஒரு அறை சொல்லி வைத்திருந்தார்.

காசிமாயனுக்கு ஐம்பத்தெட்டு வயது. நோய் நொடி கிடையாது. போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கமிஷன் கடை. அந்தக் கடையின் உயிர் ஒரே ஒரு சொல்லில் இருந்தது: முந்தல். தந்தியில் விலாசம் நீண்டால் அனுப்புகிறவருக்குச் செலவு. அதனால் தந்தி ஆபீசில் ஒரு சொல்லைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். கான்பூர் வியாபாரி 'முந்தல், போடிநாயக்கனூர்' என்று அடித்தால் போதும், காகிதம் இவர் கைக்கு வந்துவிடும். மலைப்பாதை தொடங்கும் முந்தலில் அவருடைய முதல் லோடு ஏற்றிய வண்டி அச்சு முறிந்து ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. அந்த ஞாபகத்தில் வைத்த பெயர். கான்பூரில் காசிமாயனை யாருக்கும் தெரியாது. முந்தலைத் தெரியும்.

பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இதில்தான் அவருக்குப் பயம் வந்தது. முந்தைய வருடம் பக்கத்துக் கடைக்காரர் இறந்தார். அவருடைய சொல் காலாவதியாயிற்று. அதே தெருவில் இன்னொருவர் அதைப் பதிந்துகொண்டார். வடக்கிலிருந்து வந்த தந்தியெல்லாம் புது ஆளிடம் போயின. இறந்தவரின் மனைவி ஆறே மாதத்தில் கடையைப் பூட்டினார்.

"அழுதுக்கிட்டே இருந்துட்டாங்க, தேதிய மறந்துட்டாங்க" என்பது காசிமாயனின் முடிவு. அந்தக் கதி அன்னக்கொடிக்கு வரக்கூடாது. மகன் மதுரையில் வாத்தியார், கடைப்பக்கம் திரும்பமாட்டார். ஆகவே கடையும் சொல்லும் அன்னக்கொடிக்குத்தான். எந்தத் தந்திக்கு என்ன பதில், எந்தத் தேதியில் புதுப்பிப்பு என்று நாற்பது பக்க நோட்டு எழுதினார். எழுதியது போதுமா என்று தெரியவேண்டுமே. அதற்குத்தான் சாவு. புதுப்பிக்கக் கடைசி நாளான புதன்கிழமை நடுவில் வருகிற மாதிரி வாரத்தையும் அவரே பார்த்து வைத்தார்.

திங்கள் மாலையே கான்பூர் தந்தி வந்தது. அன்னக்கொடியின் தம்பி பால்சாமி பத்தாவது வரை படித்தவர், எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இருபது மூட்டை கேக்குறான்க்கா. உடனே அனுப்புன்னு பதில் போடச் சொல்லி மச்சான் எழுதியிருக்காரு."

அன்னக்கொடி மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். இருபது வருடம் காய் பிரித்த கை.

"எட்டு மூட்டை வெளுத்துக் கெடக்கு. பன்னெண்டு இப்ப, மிச்சம் அடுத்த வாரம்னு போடு."

"நோட்டுல அப்படி இல்லையே."

"நோட்டுக்குக் கண்ணு இருக்கா?"

பன்னிரண்டுக்குச் சம்மதம் என்று செவ்வாயன்று பதில் வந்தது.

புதன்கிழமை படிவத்தோடு தந்தி ஆபீசுக்குப் போனார். ஜன்னலில் குமாஸ்தா சந்திரவல்லி.

"அண்ணன் கையெழுத்து வேணும்க்கா. பதிவு அவரு பேர்ல இருக்கு."

"அவரு செத்துப்போயிட்டாரும்மா."

சந்திரவல்லி எழுந்தே விட்டார். "எப்பக்கா?"

"திங்கக்கெழம. வெள்ளிக்கெழம வந்துருவாரு."

விஷயத்தைக் கேட்டு முடித்த சந்திரவல்லிக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு விதியைச் சொன்னார். உண்மையாகவே இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மேலிடத்துக்கு மனு. அது முடிவதற்குள் தேதி தாண்டிவிடும். தாண்டினால் யார் வேண்டுமானாலும் அந்தச் சொல்லைக் கேட்கலாம்.

"பக்கத்துக் கடையில அப்படித்தானா?"

"அந்தம்மா மூணு தடவ வந்தாங்கக்கா. காகிதம்தான் வரல."

அன்னக்கொடி படிவத்தை ஜன்னலுக்குள் தள்ளினார். "வழி?"

"உயிரோட இருக்கும்போதே கடை பேருக்கு மாத்தி, ரெண்டு பேரும் பங்குதாரர்னு எழுதணும். அப்புறம் ரெண்டு பேர்ல யாரு கையெழுத்தும் செல்லும். நாலு மணிக்கு ஜன்னல மூடிருவேன்."

மணி பன்னிரண்டு. பால்சாமி ஜீப்பு பிடித்துக் குரங்கணிக்குப் பறந்தார்.

காசிமாயன் காப்பிச் செடிகளுக்கு நடுவே கட்டிலில் படுத்திருந்தார். "வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்ல. செத்தவன் எந்திரிச்சு வருவானா மாப்ளே?"

"வரமாட்டீங்க மச்சான். அதுனாலதான் முந்தல் இன்னைக்குப் போகப்போகுது." சந்திரவல்லி சொன்னதை அப்படியே சொன்னார்.

காசிமாயன் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப பக்கத்துக் கடை அம்மா மறக்கலயா? நாந்தேன் மடையன். வெரசா வண்டிய எடு."

நாலு அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார், தூக்குச்சட்டி சகிதம். படிவத்தில் பங்குதாரர் பெயருக்கு இரண்டு வரி. பேனாவைத் திறந்து கேட்டார்: "யாரு பேர மொதல்ல போட?"

"என் பேர. நீங்க நெனச்சா செத்துப்போற ஆளு."

அப்படியே எழுதினார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "பன்னெண்டு மூட்டைதான் அனுப்புனியாமே" என்றார்.

"செத்தவருக்கு எதுக்கு அந்தக் கணக்கு? வெள்ளிக்கெழம கேளுங்க."

காசிமாயன் அதற்குப் பிறகு ஏழு வருடம் நன்றாக இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "கடைப் பதிவு யாரு பேர்ல?" என்று கேட்டு, "என் பேர்ல" என்று சொல்கிறவரைச் சந்திரவல்லியிடம் கூட்டிக்கொண்டு போவது அவருக்கு ஒரு சோலியாகவே ஆகிவிட்டது. 1986இல் தூக்கத்தில் போனார். துக்கம் விசாரித்து வந்த தந்திகள்கூட 'முந்தல்' என்றுதான் வந்தன.

அடுத்த மார்ச்சில் அன்னக்கொடி தனியாக ஜன்னலுக்குப் போனார். சந்திரவல்லி படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"அண்ணன் கையெழுத்து..." என்று பழக்கத்தில் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"வேணாம்ல?"

"வேணாம்க்கா."

முத்திரை விழுந்தது. கடைக்குத் திரும்பியபோது பால்சாமி தந்தியோடு வாசலில் நின்றார். கான்பூர், முப்பது மூட்டை. அன்னக்கொடி சேலையைச் செருகிக்கொண்டு முதல் மூட்டையின் வாயை அவிழ்த்தார்.