இளஞ்சூடாக வந்த தண்ணீர்

அருள்புரம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு சாயப்பட்டறை. இருந்த இரண்டு ஆழ்துளைப் போர்களும் வற்றிய கோடையில் என் வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்று போட்டார். ஆயிரத்து இருநூறு அடி தாண்டியும் புழுதிதான் பறந்தது. நிறுத்திவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சியது. கையை நீட்டியவள் சட்டென்று இழுத்துக்கொண்டேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருந்தது.

வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இமயமலைப் பக்கம் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதையும், லடாக்கில் பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கப் பார்ப்பதையும் எங்கோ படித்திருந்தார். நமக்கும் அந்த யோகம் அடித்துவிட்டது, இனி பாய்லருக்கு விறகு மிச்சம் என்று எல்லோரிடமும் சொன்னார். மூட்டுவலிக்காரர்கள் குடத்தோடு வந்து பிடித்துப் போனார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கும் என் சித்தப்பா மகனை வரவழைத்தேன். தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தவன் இவர் பக்கம் திரும்பினான்.

"இது ஊத்து இல்லீங்க மாமா. அங்கெல்லாம் சூட்டுத்தண்ணி தானா மேல வருது. இங்க நாமதான் சூடு இருக்கற எடத்துக்கு எறங்கிப் போயிருக்கறமுங்க."

மழைத்தண்ணீர் லேசில் எட்டாத ஆழம், எடுத்தது திரும்ப ஊறாது, சோதித்துப் பார்க்காமல் யாரும் குடிக்க வேண்டாம் என்றான். இவர் தலையாட்டிக் கேட்டார். அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் மோட்டாரைப் போட்டார். அது பிறகு நிற்கவேயில்லை.

ஐப்பசியிலும் மழை ஏமாற்றியது. தண்ணீர் குறையக் குறையச் சூடு ஏறியது. மேல்மட்டத்துக் குளிர்ந்த தண்ணீர் கலப்பது நின்றுவிட்டது என்று தம்பி போனில் சொன்னான். ஒரு நாள் காலையில் பக்கத்துத் தோட்டத்து அக்கா வேலியோரம் வந்து நின்றார். அவருடைய தென்னைகளில் மட்டைகள் தொங்கிப்போயிருந்தன.

"எங்க போருல நேத்தோட தண்ணி நின்னு போச்சு கண்ணு. உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லி, ராவுலயாச்சும் மோட்டார நிறுத்தச் சொல்லு."

சொன்னேன். ஆர்டர் முடியட்டும் என்றார். ஆர்டர் முடிவதற்குள் மோட்டார் எரிந்துபோனது. மறுபடி போர் வண்டி வந்து ஆழப்படுத்தியது. இம்முறை சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குழாய் வாயில் முகத்தை நீட்டினால் வெதுவெதுப்பான காற்று மட்டும் வந்தது.

இப்போது லாரித் தண்ணீரில் பட்டறை ஓடுகிறது. அக்கா மாடுகளை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய தோட்டத்தை இவர் விலைபேசிக்கொண்டிருக்கிறார். அங்கே கீழே ஈரம் இருக்கிறதாம், இன்னும் ஆழமாகப் போக வேண்டுமாம்.