விடுதிப் படிவத்தில் எங்கள் மதம்

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாகப் போகும், நடுவில் சிலது மறந்தும் போகும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் சின்னாளப்பட்டிக்குப் பக்கம். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, பௌத்தராகத் திரும்பி வந்தார். எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். சுவரில் புத்தர் படம் மாட்டினார். விடிந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து உறுதிமொழி சொல்லவைப்பார். நான்காவது, பொய் சொல்ல மாட்டேன் என்பது. அம்மா மாரியம்மன் படத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து, அவர் வேலைக்குப் போன பிறகு கும்பிடுவாள். அதை நான் அப்பாவிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஊர்ப் பள்ளியில் அஞ்சாவதுக்கு மேல் வகுப்பு இல்லை. திண்டுக்கல்லில் எங்கள் சாதிப் பிள்ளைகளுக்கு அரசாங்க விடுதி இருந்தது. இடம் கிடைத்தால் சோறும் படிப்பும் இலவசம். ஆனால் பௌத்தத்துக்கு மாறியவர்களுக்கு அது கிடையாது என்றார்கள். மதம் மாறினோமே தவிர, அதே தெரு, அதே கிணறுதான்.

என்னைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பா கோலாரில் இருந்தார். அதனால் சான்றிதழில் இந்து என்றே இருந்தது.

"கேட்டா இந்துன்னு சொல்லிரு ஆத்தா," என்றாள் அம்மா, எனக்குத் தலை பின்னிக்கொண்டே.

"புள்ளையப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றார் அப்பா.

"ஆமா, உங்க புத்தரு வந்து இவளுக்குப் பொங்கிப் போடுவாரு! நீங்க வாயத் தொறக்காம நின்னாப் போதும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒத்துக்கொண்டார் என்றே நாங்கள் நினைத்தோம்.

பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் ஒருமுறை இந்து, ஒருமுறை பௌத்தம் என்று சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் வீட்டில் ஒருவர் முகத்தைப் பார்க்க முடியாது.

விடுதி அதிகாரி படிவத்திலிருந்து தலை தூக்காமலே, "என்ன மதம்மா?" என்றார். அப்பா எனக்குப் பின்னால் நின்றார்.

"இந்துங்கய்யா."

அவர் எழுதிவிட்டு முத்திரையை மையில் ஒற்றினார்.

"ஐயா, செத்த நிறுத்துங்க," என்றார் அப்பா. "புள்ள பயந்துபோய்ச் சொல்லுது. நாங்க பௌத்தம்."

அதிகாரி நல்ல மனிதர். "ஏய்யா, சும்மா நின்னா நான் போட்டுட்டுப் போயிருவேன்ல? வீட்டுல எதையும் கும்பிட்டுக்க, யாரு கேக்கப் போறா? படிவத்துல எதுக்குய்யா?"

"படிவத்துலயும் நாந்தானே ஐயா இருக்கேன்."

அதிகாரி அடித்து மாற்றி எழுதி, படிவத்தைத் தனியாக வைத்தார். முத்திரை விழவில்லை.

பொய் சொன்னதற்கு அடி விழும் என்று பயந்தேன். விழவில்லை என்றதும் ஒரே சந்தோஷம். விடுதிக்குப் போக வேண்டாம், அம்மாவோடு இருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் அப்பா வாங்கித் தந்த பன்னைத் தின்றுகொண்டே, "நல்லதாப் போச்சுப்பா," என்று சொல்லியும்விட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். நாங்கள் நின்றது நிழலில். நானும் வெயில் என்றே நம்பினேன்.

பிற்பாடு அந்தச் சட்டம் மாறியது என்கிறார்கள். இன்றைக்கும் மதம் என்று கட்டம் போட்ட படிவம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் அந்த நாளைய விடுதி விதி என்ன என்று பார்த்து, நான் எழுதியதைத் திருத்திவிடுங்கள். அப்பா பேசாமல் நின்றிருந்தால் இடம் கிடைத்திருக்குமா என்பதையும் பாருங்கள். எப்படியும் கிடைத்திருக்காது என்றால், அதை மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.