இரண்டாவது எர்த் குழி

தொண்ணூறுகளின் பாதியில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு நடந்தது. பனச்சமூட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அங்கே நான் ஒரு மாவு மில் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில். மில்லில் முதலாளி, கணக்கப்பிள்ளை, மாவு அள்ளுகிறவள் எல்லாம் நான்தான். அதனாலேயே எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பும் கொஞ்சம் உண்டு.

மில் தொடங்கியது அதற்கு முந்தைய வருடம். மூன்று ஃபேஸ் மோட்டார் என்பதால், அதன் உடம்பிலிருந்து இரண்டு கம்பிகள் இரண்டு தனித்தனி எர்த் குழிகளுக்குப் போக வேண்டும் என்று ஒயர்மேன் சொல்லிவிட்டார். நெய்யாற்றின்கரையிலிருந்து வருகிற, வயதான, பிடிவாதக்கார மனிதர். எட்டடி தோண்டி, குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் போட வேண்டுமாம். மோட்டாரில் கரண்ட் கசிந்தால் ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குள் போய்விடுவதற்கான வழி அது. "ஒண்ணு போனா மத்தது காக்கும். அதுக்காக்கும் ரெண்டு" என்றார்.

முதல் குழி நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதில் மூன்றடிக்குக் கீழே பாறை. வேறு இடத்தில் தோண்டலாம் என்றார்கள் வேலையாட்கள். எனக்குப் பொறுமை இல்லை. திறப்புக்கு நாள் குறித்து, ஜெபம் பண்ணப் போதகரையும் அழைத்தாயிற்று. குழாயை அறுக்கச் சொல்லி, இரண்டடித் துண்டை நட்டு, மண்ணைத் தள்ளி, விளிம்புக்குச் சிமெண்ட் பூசி மூடி போட்டுவிட்டேன். வெளியே பார்த்தால் இரண்டு குழியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கம்பி இணைக்க வந்த ஒயர்மேன், "ரெண்டும் எட்டடி உண்டா மக்கா?" என்று கேட்டார். "உண்டு" என்றேன், முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளாமல். அவரும் நம்பிவிட்டார்.

அந்த டிசம்பர் காலையில் மில்லில் நல்ல கூட்டம். ஆப்பத்துக்கும் புட்டுக்கும் அரிசியை ஊறவைத்து வடித்து ஈரத்தோடு கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடத்துக்குள் யாரும் செருப்போடு வர மாட்டார்கள். பெண்கள் எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, தண்ணீர் சொட்டிய தரையில் வெறுங்காலோடு நின்றார்கள். நாள் முழுக்க நிற்கிறவள் என்ற சலுகையில் நான் மட்டும் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன்.

முதலில் மெஷினில் அரிசியைக் கொட்டியவள், தொட்டால் கை தரிக்கிறது, சுறுசுறுவென்று கூசுகிறது என்றாள். மெஷின் குலுங்குகிறது, அதுதான் என்றேன். அடுத்தவளும் அதையே சொன்னாள். "இவ்வளவு பெரிய மோட்டாரு ஓடுது, பின்ன தாலாட்டவா செய்யும்?" என்று கேலி பண்ணினேன். கூட்டம் சிரித்தது. நானே தொட்டும் காட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவதாக வந்தவள் ஏழு மாதக் கர்ப்பிணி. குளத்தூரில் கட்டிக்கொடுத்து, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள். அவளுடைய மாப்பிள்ளைக்கு மின்கம்பம் நடுகிற வேலை. விரல் நுனியால் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, இது குலுக்கம் இல்ல, கரண்டாக்கும். நிறுத்துங்க."

"சும்மா இரி மக்கா, பண்டிகை நேரத்துல ஆளுகளப் பயப்படுத்தாத."

"அப்பம் நீங்க செருப்பக் களத்திட்டுத் தொட்டுப் பாருங்க. உள்ளங்கையால வேண்டாம், பிடிச்சு இழுத்துரும். புறங்கையால."

எனக்கு வந்ததே கோபம். வீம்புக்குத்தான் செருப்பைக் கழற்றினேன். ஈரத் தரையில் நின்று புறங்கையால் தொட்டதுதான் தாமதம், தோள்வரைக்கும் இழுத்து ஓர் உதறு உதறியது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். "எனக்க அரிசி பாதி உள்ள கிடக்கு" என்று யாரோ சத்தம் போட்டார்கள். அந்தக் கர்ப்பிணி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு ஒருவரையும் மெஷின் பக்கம் விடவில்லை.

பூத்திலிருந்து நான் போன் போட்டு, ஒயர்மேன் பஸ் பிடித்து வந்து சேர மதியமாகிவிட்டது. மோட்டாருக்குள் ஈரம் இறங்கி ஒரு ஃபேஸ் கசிகிறது என்று கண்டுபிடித்தார். கசிந்த கரண்ட் ஏன் மண்ணுக்குப் போகவில்லை என்று பார்க்க முதல் குழியைத் திறந்தார். உப்பு அரித்துக் கம்பி அற்றுக் கிடந்தது. "சாரமில்ல, போட்டும், மத்தது உண்டே" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது மூடியைத் தூக்கினார். குழாயைப் பிடித்து அசைத்தார். மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்குவதுபோல அது ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது.

குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆருக்காவது ஏதாவது ஆச்சா?" என்றுதான் கேட்டார்.

"இல்ல."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "எனக்க கர்த்தாவே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். யாராவது செத்திருந்தால் என்ற பயமும், யாரும் சாகவில்லையே என்ற நிம்மதியும் ஒன்றாகச் சேர்ந்து வந்த அழுகை அது. அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "அழுதா குழி ஆவுமா? குழி தோண்ட ஆளக் கூப்பிடு" என்றார்.

பண்டிகை முழுக்க மில்லைப் பூட்டியே போட்டேன். ஊரே அரிசியைச் சுமந்துகொண்டு அடுத்த மில்லுக்குப் போனது. ஏன் பூட்டினேன் என்று கேட்ட எல்லாரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பாறை இல்லாத இடமாகப் பார்த்து எட்டடி தோண்டினோம். அளவுக் கோலை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் ஒயர்மேன் குழாயை இறக்கவிட்டார். அவர் அதற்குப் பிறகு என் வாய்வார்த்தையை நம்பியதே இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மாசியில் அந்தக் கர்ப்பிணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். அவள் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். நல்ல கனம்; நல்ல சூடு. தூக்கத்தில் ஒருமுறை கொட்டாவி விட்டது. எனக்கு அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது.

இன்றைக்கும் யாராவது எனக்குத் தெரியாத ஒரு வலியைச் சொல்லும்போது, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று என் வாய் தொடங்குவதற்குள், அந்தக் குழந்தையின் கனம் என் கைகளுக்கு வந்துவிடுகிறது.