இருபத்தேழாம் கட்டம்

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நான் சொல்வேன். பச்சையப்பன். சொல்லிச் சொல்லியே எழுபது தாண்ட வைத்திருக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை, செலக்ஷன் என்பார்கள். காய்ந்த தோலை வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட வெட்டு எல்லாம் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று தூக்கிப் போட வேண்டும். குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய மனுஷன். வீட்டில் என் சாம்பாரையும் அப்படித்தான் பார்ப்பார். "என்கிட்டயே காட்டறீங்களா உங்க செலக்ஷன?" என்று கரண்டியைத் தூக்கினால் அடங்கிவிடுவார்.

குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஆட்டம் செய்வது. கழித்துப் போட்ட தோல் துண்டில் பெயிண்டால் கட்டம் கட்டமாக வரைவார், அதற்குப் பலகை என்று பேர். தாயக்கட்டை உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் முதல் ஆட்டம், ஜோலார்பேட்டை ஜங்ஷன். "சிக்னல் விழவில்லை, ஒரு ஆட்டம் நில்." "டிக்கெட் இல்லாமல் பிடிபட்டாய், காட்பாடிக்குத் திரும்பு." அடுத்த வருஷம் குடியாத்தம் லுங்கி வியாபாரம். அதற்கடுத்து பேரணாம்பட்டு பஸ். அதில் கூட்டம் ஜாஸ்தி என்று கண்டக்டர் நம்மை இறக்கிவிடுகிற கட்டம் மட்டும் ஆறு இருந்தது. அத்தனையும் அவர் பட்ட அனுபவம்.

புது ஆட்டம் வருஷத்துக்கு ஒன்று, ஆயுத பூஜை அன்றைக்குத்தான் வெளியே வரும். டேனரி முதலாளி முஸ்லிம்தான். ஆனாலும் அன்றைக்கு மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்தால் மறுநாள் வரை ஒரு மெஷினும் ஓடாது. குடும்பத்தோடு வந்தவர்கள் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து ஆடுவார்கள். முதல் காய் எப்போதும் பெருமாளுடையது. பெருமாள் அவருடைய தோஸ்த். தோலின் உள்பக்கத்துச் சதையைச் சீவுகிற மெஷின் அவன் பொறுப்பு. சீவுகிற மெஷின் என்றால் பெருமாள், பெருமாள் என்றால் அந்த மெஷின்.

எண்பத்திரண்டில் டேனரியையே ஆட்டமாகச் செய்வது என்று முடிவெடுத்தார். பச்சைத் தோல் வந்து இறங்குகிற உப்புக் கிடங்கில் தொடங்கி மெட்ராஸ் துறைமுகத்தில் முடிகிற அறுபது கட்டம். பாதி வரைந்திருந்தபோது பெருமாள் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"என் மெஷின் எங்கடா மச்சான்?" என்றான்.

இவர் அவன் கண் முன்னாலேயே இருபத்தேழாம் கட்டத்தில் அதை வரைந்தார். நோட்டில் எழுதியும் காட்டினார்: "கவனம் பிசகியது. மூன்று ஆட்டம் உட்கார்." பெருமாள் சிரித்த சிரிப்பில் என் காபி டம்ளர் கவிழ்ந்தது. "யாருக்கு? எனக்கா? பதினோரு வருஷமா ஓட்டறேன்டா!"

ஆடி மாதம் அந்த மெஷின் அவன் வலது கையில் இரண்டு விரலையும் கட்டை விரல் நுனியையும் எடுத்துக்கொண்டது.

சூப்பர்வைசர் கிருஷ்ணராஜ் எழுதிய ரிப்போர்ட்டை டேனரி கேட்டில் வைத்துப் படித்தார்களாம். "தொழிலாளியின் கவனம் பிசகியதால்" என்று அதில் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக நோட்டை எடுத்து, எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டார். "அவன் எழுதின அதே வார்த்தைய நான் ஆனி மாசமே எழுதிட்டேன் அம்சா," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதைச் சொன்னால் இவர் இன்னும் உடைந்துபோவார் என்று, "உலை கொதிக்குது, தள்ளுங்க," என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வரி வரவில்லை. பலகை முழுக்க வரைந்து முடித்துவிட்டார். நோட்டு மட்டும் வெற்றாகவே கிடந்தது. முதல் கட்டத்துக்கு எழுத உட்கார்ந்தாலும் கண் இருபத்தேழுக்குப் போய்விடுமாம். பேனா மாற்றினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு மூட்டைப்பூச்சியோடு திரும்பினார். எழுதுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், கழிவு என்று கசக்கிப் போடுவார். என் வீட்டுக் கூடம் குப்பைமேடு ஆயிற்று.

"பழைய ரயிலாட்டத்துக்கே பெயிண்ட் அடிச்சுக் குடுங்களேன், பேஜார் விட்டுது," என்றேன்.

"இது பெருமாள் கேட்டு வாங்கின கட்டம். அத எடுத்துட்டா அவனையே எடுத்துட்ட மாதிரி."

"அப்ப எழுதுங்க."

"இன்னான்னு எழுத?"



பெருமாள் கை ஆறியும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முதலாளி கேட்டில் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினார். அதற்கும் போகவில்லை. சவரம் கிடையாது, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கைதான். அவன் பெண்டாட்டி தேவகி புரட்டாசியில் ஒருநாள் வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரே ஒரு தடவதான்கா வாயத் தொறந்தாரு. ஆயுத பூஜைக்குப் புது ஆட்டம் உண்டான்னு கேட்டாரு. இருந்தா வர்றாராம். இல்லன்னா அந்தப் பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டாராம். அன்னிக்கு விட்டா அவர வெளிய கொண்டார எனக்கு வேற வழி தெரியலக்கா."

இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இருக்குன்னு சொல்லும்மா," என்றார். பொய்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தேவகி போனதும் பிடித்துக்கொண்டேன். தினமும் நச்சரித்தேன். கடைசி வாரம், "முடிஞ்சுதுடி தாயே, ஆள விடு," என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

பூஜை அன்று விடியற்காலையிலேயே கூடத்தைக் கழுவிச் சாமி படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்கினேன். ஷூ கம்பெனியில் நான் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். என் கத்தரிக்கோல், அரிவாள்மணை, பிள்ளைகளின் புத்தகங்கள், வீட்டில் இருந்த அத்தனை பேனா, எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய நோட்டு. விதியெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும், இந்த வருஷம் நோட்டு சாமியிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். சந்தனம் குங்குமம் வைத்து விளக்கேற்றினேன். அவர் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார்.

"அம்சா, நோட்டு எங்க?"

"சாமிகிட்ட."

"எடுத்துக் குடு."

"இன்னா வெளையாடறீங்களா? பூஜையில வெச்சத நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். இன்னைக்கு எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுல ஒண்ணுமே இல்லடி. காலையில எழுதிடலாம்னு இருந்தேன்."

"அடப்பாவி மனுஷா! வெத்து நோட்டுக்கா குங்குமம் வெச்சேன்?"

எடுத்துக் கொடுத்திருக்கலாம். சாமி கண்ணைக் குத்தியிருக்காது. ஆனால் இரண்டரை மாதம் எழுதாதவர் அரை மணி நேரத்தில் எதை எழுதிக் கிழித்துவிடப் போகிறார்? "பலகையத் தூக்கினு நடங்க. அங்க போயி அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க," என்றேன்.

டேனரி குடோன் நிழலில் பெருமாள் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்திருந்தான். வலது கையைத் துண்டால் மூடியிருந்தான். தேவகி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

பலகையை விரித்தார். இருபது பேர் சூழ்ந்தார்கள். சூப்பர்வைசர் கிருஷ்ணராஜும் வேட்டியில் வந்து ஒரு காய் எடுத்துக்கொண்டார்.

"படிடா விதிய," என்றான் பெருமாள்.

"புஸ்தகம் சாமிகிட்ட மாட்டிக்கிச்சுடா. அதுல... அதுல ஒண்ணும் எழுதவும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று. ஸ்டோர்கீப்பர் அப்துல் சமத் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். "என் பேனா பூஜையில இல்லப்பா. ஆடிகினே சொல்லு, நான் எழுதறேன்."

முதல் காய் பெருமாளுடையது, அவனுக்காகத் தேவகி உருட்டினாள்; அது தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழியில் நின்றது. எல்லோரும் இவர் வாயைப் பார்த்தார்கள். இவர் பலகையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் காயப்போடுகிற சவுரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்கு இன்னா யோசன? கால் வழுக்கும். மூணு கட்டம் பின்னால போ!"

"மூணு கம்மி. நான் விழுந்தப்ப ஒரு வாரம் எழுந்திருக்கல," என்றான் வேறொருவன். சண்டை போட்டு ஐந்து என்று முடிவாயிற்று. அடுத்தது தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம். "கரண்ட் போச்சு, நில்லு." அடுத்தது காயப்போடும் களம். "வெயில் அடிச்சா ரெண்டு கட்டம் சேத்துக் குடுக்கணும்," என்றாள் சவுரியம்மாள். தரம் பிரிக்கிற கட்டத்துக்கு ஒரு காய் வந்ததும் நாலு பேர் ஒரே குரலில், "பச்சையப்பன் மூஞ்சி சரியில்ல, கழிவு, உப்புக் கிடங்குக்குத் திரும்பு!" என்றார்கள். இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இவரும் சொல்ல ஆரம்பித்தார். ஒன்று சொன்னால் மூன்று வந்தது. அப்துல் சமத், "மெதுவாப்பா, கை வலிக்குது," என்று கெஞ்சினார். அதற்கப்புறம் வந்த வருஷங்களில் இவர் தனியாக உட்கார்ந்து விதி எழுதியதே இல்லை. வெறும் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்துப் பேர் நடுவில் போடுவார், எழுதுவதற்குப் பக்கத்தில் அப்துல் சமத் பாயை உட்கார வைத்துக்கொள்வார்.

அன்றைக்கு நாலைந்து சுற்றுக்குப் பிறகு பெருமாளின் முறை வந்தது. இந்தத் தடவை தேவகியிடமிருந்து கட்டையை அவனே வாங்கிக்கொண்டான். தாயக்கட்டையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் உருட்ட வேண்டும். அவன் கொஞ்ச நேரம் கட்டையைப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உருட்டினான். நாங்கள் யாரும் கையைப் பார்க்காதது போல் பலகையைப் பார்த்தோம். காயை நகர்த்தினான். இருபத்தேழு.

கிருஷ்ணராஜ் பொரியை மென்றுகொண்டிருந்தார்.

"அன்னைக்கு எழுதினியே, அதச் சொல்லுடா," என்றான் பெருமாள்.

"கிழிச்சுட்டேன்டா. மன்னிச்சுக்கோ."

"கிழிச்சதும் நல்லதுதான். அது தப்பு. என் கவனம் பிசகல. தோல் சுருட்டிகினு கைய இழுத்துச்சு. நிறுத்து நிறுத்துன்னு கத்தினேன். சுவிட்சு எனக்கு எட்டல. பக்கத்துல நாலு மெஷின் ஓடிகினு இருந்துச்சு, எவனுக்கும் காதுல விழல. என்னத் தூக்கினு போன அப்புறமும் அந்த நாலும் ஓடிச்சாமே? அவசர ஆர்டராம்."

"நான் இன்னா எழுதணும், நீ சொல்லு," என்றார் இவர். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"எழுதுங்க பாய். இருபத்தேழுக்கு எவன் வந்தாலும், அவன் மட்டும் உக்காரக் கூடாது. எல்லாரும் கைய எடுக்கணும். வந்தவன் சொல்ற வரைக்கும் யாரும் ஆடக் கூடாது."

அப்துல் சமத் எழுதினார். அடுத்த முறை கிருஷ்ணராஜுடையது. அவர், "சரி சரி, நம்ம ஆட்டம்," என்று கட்டையை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

"கைய எடுங்க சார்," என்றான் பெருமாள்.

கிருஷ்ணராஜ் சிரிக்கப் பார்த்தார். சுற்றிலும் திரும்பினார். ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். பொரித் தட்டில் கை விட்டிருந்த சவுரியம்மாள்கூட வெளியே எடுத்துக்கொண்டாள். எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"இப்ப ஆடுங்க," என்று பெருமாள் சொல்ல ரொம்ப நேரம் ஆனது.