குடும்பப் புனிதரின் நாளில் ஒரு கேம்ஷாஃப்ட்

எங்கள் வால்யேவோ ஊரில் ஆண்பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் என்ஜின் பிரிக்கப் பழகிவிடுவார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் பேருந்து ஓட்டுநர் வுகாஷின் தன் குடும்பப் புனிதரின் திருநாளில்கூட தன் காரைப் பழுதுபார்ப்பதை விடவில்லை என்பது நிஜம். கொட்டகையில் ஒரே குளிர் என்று என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிச் சமையலறை மேசைக்கே கொண்டுவந்துவிட்டார்.

அதில் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டைப் புதிதாகப் பொருத்திக்கொண்டிருந்தார். அடியிலிருந்து வால்வு ஸ்பிரிங்குகள் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, சமமாக இறுக்காவிட்டால் ஷாஃப்ட் ஒடிந்துவிடும். வேறொன்று ஊரிலேயே கிடைக்காது.

பாதி இறுக்கியிருந்தபோது திருநாள் ரொட்டியை வெட்டப் பாதிரியார் வந்துவிட்டார். வீட்டுக்காரரின் கை படாமல் அதை வெட்ட முடியாது.

"ஏங்க, எழுந்து வாங்க! ஃபாதர் இன்னும் பல வீட்டுக்குப் போகணுமாம். இந்த இரும்புக்கா நான் மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கேன்?" என்று பல்லைக் கடித்தாள் மனைவி தெசாங்கா.

"ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குதுடி. இப்ப விட்டா போச்சு!"

ஷாஃப்ட் 'டிக்' என்றது. விருந்தாளிகள் நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டோம். பாதிரியார் அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நான் பாடறேன். ஒரு வரிக்குக் கால் சுத்து இறுக்கு. அவசரப்படாதே, வுகாஷின்."

அவர் பாட, இவர் இறுக்க, கடைசி 'ஆமென்' வந்தபோது ஷாஃப்ட் அலுங்காமல் உட்கார்ந்தது. எண்ணெய்க் கையோடேயே ரொட்டியைப் பிடித்தார் வுகாஷின்.

பிறகொரு நாள் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தெசாங்கா குறுக்கிட்டாள்.

"அக்கா, பாடினது நான். ஃபாதர் இன்னொரு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கத்தை இறுக்கிட்டிருந்தார்."