கை தூக்கினவர்

அந்தத் தெருவில் அவருக்குச் சக்கரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓய்வூதியம் வாங்குகிற இடத்தில் மட்டும்தான் செல்லுபடியாகும். எழுபதை எட்டப் போகிற மனுஷன் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முடிவெட்டுகிறவர், "ஐயா, ஆடாம இருங்க, காது போனா நான் பொறுப்பில்ல" என்று கெஞ்சுவார். சினிமாவுக்குப் போனால் பாதிப் படம் வாசலில்தான். சாப்பாடும் பாதி நேரம் நின்றபடியே. "இவருக்குக் கால்ல சக்கரம் இல்லீங்க, ஆளே சக்கரம்" என்று அவர் மனைவி யாரிடமோ சலித்துக்கொள்ளப் போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பட்டாளத்தில் தொலைபேசிக் கம்பி இழுக்கிற வேலை பார்த்தவர். சண்டை முடிந்து ஊர் திரும்பி, இங்கேயும் தொலைபேசி ஆபீசில் லைன்மேனாகச் சேர்ந்து, கம்பம் கம்பமாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றார். "பட்டாளத்து உடம்பு, அதான் இந்த வயசிலயும் இவ்வளவு சுறுசுறுப்பு" என்று அக்கம்பக்கத்தில் மெச்சுவார்கள். சுறுசுறுப்பாம்! உள்ளே ஒருத்தன் ராப்பகலாகக் குடைந்துகொண்டிருந்தால் நீங்களும் நானும்கூடத்தான் ஓடிக்கொண்டிருப்போம்.

குடைந்தவன் பெயர் நெட்டை. பட்டாளத்தில் பக்கத்துப் படுக்கைக்காரன். கூடாரத்துக்குள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். சண்டைக்குப் போனவன் திரும்பவில்லை. போகும்போது அவன் மனைவி மாசமாக இருந்தாள்.

அவள்தான் இப்போது தையல்காரம்மா. இரண்டு தெரு தள்ளி வீடு. முன்னறையே கடை. பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, கிழிந்த பையின் ஜிப் என்று வருகிற எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் தைத்து, பெண்ணைப் படிக்கவைத்து ஆளாக்கிவிட்டாள். சக்கரம் வாரம் தவறாமல் அங்கே போவார். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவார், பெல்ட் மாற்றுவார், ஒழுகுகிற குழாயை முறுக்குவார். "என்ன, உங்க தங்கச்சி வீட்ல பல்பு இன்னும் எரியுதா, இல்ல ஓடிப்போய்ப் பார்க்கணுமா?" என்று மனைவி கிண்டல் செய்வாள். தையல்காரம்மா அவரை வாய் நிறைய "அண்ணா" என்பாள். அவள் மகளுக்கு அவர் மாமா. அந்த "அண்ணா"வைக் கேட்டுவிட்டு வந்தால் ஒரு நாள் தூக்கம் வரும். மறுநாள் மறுபடி குடைச்சல்.

எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டுச் சுவரில் நெட்டையின் படம் கிடையாது. கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடந்தது. யாராவது, "சண்டையில உயிரைக் கொடுத்தவரோட சம்சாரம்" என்று மரியாதையாக ஆரம்பித்தால் போதும், தையல்காரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"கொடுத்தாரா? அவரை யாரு கேட்டா? வயித்துப் பிள்ளைக்காரி வீட்ல இருக்காளேன்னு ஒரு நினைப்பு வேணாம்? 'நான் போறேன்'னு கையைத் தூக்கினாராம். தூக்கிட்டுப் போகட்டும்!"

மகளையும் அதே பாடம் சொல்லித்தான் வளர்த்தாள். எங்கேயும் கை தூக்காதே. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை யார் அழிக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள். அந்தப் பெண்ணும் அப்படியே பழகிவிட்டது. "ஆபீஸ்ல எனக்குப் பதவி உயர்வு ஏன் இவ்வளவு லேட்டுன்னு நினைக்கிறீங்க மாமா? எங்கப்பா ஒரு தடவை கை தூக்கினதுக்கு நான் ஆயுசுக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று சிரிப்பாள். மாமாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு, எண்ணெய்க் கேனை எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவார்.

அப்படியாகப்பட்ட மகளுக்கு, ஒருவழியாகப் பதவி உயர்வும் வந்தது, கூடவே தூரத்து ஊருக்கு மாற்றலும் வந்தது. அம்மாவைத் தனியாக விடுவாளா? வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் கிளம்புவதாக முடிவானது.

வேன் வருகிற நாள் காலையில் சக்கரம் விடிந்ததும் விடியாததுமாய் வந்து நின்றார். பெட்டிகளுக்குக் கயிறு கட்டினார். கம்பத்தில் ஏறின காலத்து முடிச்சு, குண்டு வைத்தாலும் அவிழாது. மெஷின் இரண்டும் முந்தின வாரமே கைமாறிவிட்டன. கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. மிச்சம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் வந்தால் உட்காருவதற்கென்று எப்போதும் போடுவது.

தையல்காரம்மா தகரப் பெட்டியிலிருந்து அந்தத் துணிச்சுருணையை எடுத்து வந்தாள்.

"அண்ணா, இதையும் அந்தப் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடுங்க. படத்தைக் கழிச்சுட்டுச் சட்டத்தை வச்சுக்கச் சொல்லுங்க. நல்ல மரம்."

"அம்மா, அது அப்பா" என்றாள் மகள்.

"தெரியும். புது வீட்டுல இடம் இல்ல."

"ஒரு படத்துக்கா இடம் இல்ல?"

"மனசுல இடம் இல்ல. போதுமா?"

சக்கரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்கே கால் ஓடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

பழைய சாமான்காரர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஒரு மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். துணியை விலக்கிப் பார்த்தார்.

"ஆள் ஜோரா இருக்காரே. தம்பியா?"

"ம்" என்றார் சக்கரம்.

சாமான்காரர் படத்தைக் குப்புறப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினார். ஒரு ஆணி கீச்சென்று வெளியே வந்தது. அவ்வளவுதான், சக்கரம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"பெரியவரே, நீங்கதானே கொடுத்தீங்க?"

"கொடுத்தேன். இப்ப கொடுக்கலை."

அங்கிருந்து எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்தார். மாவு மில்லைத் தாண்டி, சைக்கிள் கடையைத் தாண்டி, மறுபடி மாவு மில். இன்று வாயைத் திறக்காவிட்டால் நெட்டை பழைய மின்விசிறியோடு சேர்ந்து போவான், பெண்டாட்டியை மறந்து ஓடியவன் என்ற பெயரோடு. திறந்தால்? உலகத்தில் அவரை அண்ணா என்று கூப்பிடுகிற ஒரே வீடு போய்விடும். வேனோடு போகிறதுதானே, போகட்டும் என்று விட முடிகிறதா? முடியவில்லை. அண்ணா என்று அவள் நினைத்துக்கொண்டாவது இருக்க வேண்டும் என்று கிழவருக்கு அத்தனை ஆசை.

நடந்தது இதுதான். முன்னால் இருந்த காவல் அரணுக்குப் போகிற தொலைபேசிக் கம்பி குண்டு விழுந்து அறுந்துபோகும். முறை வைத்து ஆள் போய் ஒட்டிவிட்டு வர வேண்டும். முந்தின நாள் போனவர்கள் வரவில்லை. மறுநாள் முறை சக்கரத்துக்கு. அப்போது அவருக்கு மீசை சரியாக முளைக்காத வயது. சமையல் கூடாரத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, இரண்டாக அறுத்து, அக்குளில் வைத்துக்கொண்டு போர்த்திப் படுத்தார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளைகள் செய்கிற வித்தை. வெங்காயத்தால் ஏறியதோ, பயத்தால் ஏறியதோ, காய்ச்சல்மானியில் பாதரசம் ஏறிவிட்டது. ஹவில்தார் குனிந்து பார்த்தார். "சரி, படு" என்றார். பக்கத்துப் படுக்கையைப் பார்த்து, "நெட்டை, கிளம்பு" என்றார். மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது.

சண்டை ஓய்ந்தபின் நெட்டையின் சாமான்களைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனார். நிறைவயிறோடு வாசலில் நின்றவள், "இத்தனை பேர் இருக்க, அவரை ஏன் அனுப்பினாங்க?" என்று கேட்டாள். இவருக்கு உண்மையைச் சொல்ல வரவில்லை. ஏதாவது பெருமையாகச் சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்து, "யாரும் அனுப்பலைம்மா. நான் போறேன்னு அவனேதான் கையைத் தூக்கினான்" என்றார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்படியா" என்று மட்டும் கேட்டாள். ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாரே, அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

வேன் வாசலில் வந்து நின்றிருந்தது. உள்ளே தையல்காரம்மா குனிந்து, காந்தத் துண்டைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டிருந்தாள். அடுத்து குடிவருகிறவர்கள் காலில் ஊசி, குண்டூசி ஏறிவிடக் கூடாதே என்று.

"போட்டாச்சா அண்ணா?"

"இல்லம்மா."

"ஏன், ஆள் போயிட்டாரா?"

"ஆள் இருக்கார்." சக்கரம் படத்தைக் கக்கத்திலிருந்து எடுத்தார். "தங்கச்சி, அவன் கையைத் தூக்கலை."

"யாரு?"

"நெட்டை. உன் வீட்டுக்காரன். கையைத் தூக்கலைம்மா. நான் அன்னைக்குச் சொன்னது பொய்."

காந்தம் நின்றது. டேப்பும் கையுமாக வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சக்கரம் எதையும் ஒளிக்கவில்லை. தன் முறை, வெங்காயம், போர்வை, ஹவில்தார், எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தே சொல்லி முடித்தார். சொல்லும்போதே அந்தச் சின்ன அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"அப்ப அவரா போகலையா?" என்றாள் தையல்காரம்மா.

"போகலை."

"கிளம்புன்னு சொன்னதும் என்ன செஞ்சாரு?"

"திட்டினான்."

"யாரை?"

"எல்லாரையும். ஹவில்தாரை, கம்பியை, குண்டு போடுறவனை. பூட்ஸை மாட்டிக்கிட்டே திட்டினான். 'பத்திரமா வந்துடறேன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்டா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளுக்கு யாருடா பதில் சொல்றது? அவ வாய் உங்களுக்குத் தெரியாது'ன்னான்."

தையல்காரம்மாவிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. "என் வாயைப் பத்தி அங்கேயும் போய்ச் சொன்னாரா?" என்றவள், பாதியில் அது வேறாக மாறிப்போய், அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மகள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெங்காயம் அவருக்குத் தெரியுமா?" கைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"தெரியும்னுதான் நினைக்கிறேன். கிட்ட வந்து மூக்கைச் சுளிச்சான். ஹவில்தார்கிட்ட சொல்லலை."

"சொல்ல மாட்டாரு."

சக்கரம் காத்திருந்தார். கொலைகாரப் பாவி என்று சொல்வாள், காறித் துப்புவாள், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தார். இத்தனை வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தவர்தானே.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வெங்காயத்தை விடுங்க. சின்ன வயசு, பயந்தீங்க. பயப்படாம யாரு இருப்பா? அவரும் பயந்துகிட்டேதான் போயிருக்காரு. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இவ்வளவுதானா? ஆயுசு பூராவும் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்ததை அவள் இப்படி ஒரு வார்த்தையில் இறக்கி வைப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. காலில் விழலாமா என்று இருந்தது.

"ஆனா, இந்த நாற்காலியில யாரு உக்காந்திருந்தா?" என்றாள். குரல் ஏறவில்லை. "வாரா வாரம் வந்தீங்க. நான் ஊத்திக் கொடுத்த டீயைக் குடிச்சீங்க. நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பொண்டாட்டியை நினைக்காத மனுஷன்னேன். இந்தப் பிள்ளைகிட்ட அவளோட அப்பாவை இல்லாமலே பண்ணினேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"ஒரு நாளாவது வாயில வரலையா?"

"வந்துச்சு. சொல்ல முடியலை. சொன்னா நீ... என்னை மன்னிச்சிடு தங்கச்சி."

"மன்னிப்பா? அதைக் கேக்கிறதுக்கு எனக்கே ஆள் இல்லாம உக்காந்திருக்கேன். நான் பேசினதுக்கெல்லாம் யார்கிட்ட போய்க் கேக்கிறது? சொல்லுங்க, யார்கிட்ட?"

செத்தது ஒரு தடவை, அதற்கு அவர் பாதிக் காரணம். அதற்கப்புறம் வாரா வாரம் இந்த அறையில் நடந்ததற்கு முழுக் காரணம் அவரேதான். அது இன்று வரைக்கும் அவருக்கு உறைக்கவில்லை. படத்தை மகளின் கையில் கொடுத்துவிட்டு வாசலைப் பார்க்க நடந்தார். எங்காவது போய்விட வேண்டும், நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

நின்றார்.

"அவரைப் பார்த்தவங்கள்ல மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். முகத்துல முழிக்காதீங்கன்னு சொல்லவும் எனக்கு வழி இல்லாமப் பண்ணிட்டீங்க. வந்து உக்காருங்க."

வெளியே ஹாரன் அடித்தது. "அம்மா, வெயில் ஏறுது, கிளம்பலாமா?" என்று டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"நிக்கட்டும்" என்றாள். மகள் எழுந்து போய் அவரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள்.

"அன்னைக்குக் காலையில அவர் எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க. ஒரு பொய் கலந்தீங்க, செருப்பு பிஞ்சிடும்."

சக்கரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு லேட்டாத்தான் எழுந்தான்."

"ஏன்?"

சக்கரம் நாற்காலியில் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"முதல் நாள் ராத்திரி எனக்குக் காவல். பயமா இருக்குடான்னேன். நீ படுடான்னு சொல்லிட்டு, என் காவலையும் சேர்த்து அவனே பார்த்தான்."

"ம்" என்றாள் தையல்காரம்மா. "மேல சொல்லுங்க."